நெல்லை மிகுதியாகத் தின்ற மாடு

கமக்காரர்களே! அறுவடைக் காலத்தில் உங்கள் மாடு கட்டவிழ்ந்து நெற்குவியலை வயிறாரத் தின்றுவிடின், அதனைச் சிறு விடயமெனக் கொள்ளற்க. நெல்லிலுள்ள மாப்பொருள் முதலிரைப்பையில் விரைவாகப் புளித்து அமிலமாகின்றது. அவ்வமிலம் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்குவதோடு, உடலின் நீரையும் வயிற்றினுள் ஈர்க்கின்றது.

அறிகுறிகள்: இரைமீட்டல் நிற்றல், வயிறு பருத்தல், புளிநாற்றமுள்ள நீர்க்கழிச்சல், தள்ளாட்டம். பின்னர் மாடு படுத்துவிடும். ஓரிரு நாளில் இறத்தலுங் கூடும்.

செய்ய வேண்டியவை:

1. தானியத்தையும் தவிட்டையும் உடனே நிறுத்தி, வைக்கோல் மட்டுங் கொடுங்கள்.

2. அறிகுறி தோன்றுமுன்னரே மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். தின்ற அளவையும் நேரத்தையுங் கூறுங்கள்.

3. படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதனையும் ஊற்றாதீர்கள். அது சுவாசப்பையிற் புகக்கூடும்.

வருமுன் காத்தல்: நெற்குவியலைச் சுற்றி வேலியிடுங்கள். தவிடு கொடுப்பதாயின், முதலில் வைக்கோல் தின்னவிட்டு, தவிட்டின் அளவை 2 அல்லது 3 வாரங்களிற் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.