மஞ்சள் போல்டரும் மல்லாட்டையும்

கருவேப்பிலங்குறிச்சி

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி இன்னும் என்னை விடவில்லை. கம்ப்யூட்டரில் போல்டர் ஏன் மஞ்சளாக இருக்கிறது, அதன் தலையில் ஏன் ஒரு மேடு என்றாய். நல்ல கேள்வி. ஆனால் பதிலையும் நீயே சொன்னாய்: "எல்லாம் பில் கேட்ஸ் இஷ்டத்துக்கு வச்ச பேரும் படமும்தானே ஐயா!" அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. செராமிக் காலேஜில் படிக்கிற பிள்ளை, ஒரு பொருளைப் பார்த்தால் எந்த அச்சில் வார்த்தது என்று கேட்க வேண்டாமா?

பில் கேட்ஸின் விண்டோஸ் 95 வந்தது 1995 ஆகஸ்டில். அதற்கு 14 வருஷம் முன்பே, 1981 ஏப்ரலில், ஜெராக்ஸ் கம்பெனி 'ஸ்டார்' என்ற கணினியை ஆபீஸ் வேலைக்கென்றே கொண்டுவந்துவிட்டது. அதன் திரை ஒரு குமாஸ்தாவின் மேசை. காகிதம், போல்டர், பைல் அடுக்கும் இழுப்பறை, வந்த தபாலுக்கு ஒரு தட்டு, போகிற தபாலுக்கு ஒரு தட்டு. படங்களை நான்கு விதமாக வரைந்து, ஆட்களிடம் காட்டிப் பரீட்சித்த பிறகே ஒன்றைத் தேர்ந்தார்கள். இஷ்டத்துக்கு வைத்தது எதுவும் இல்லை.

அந்த மேட்டுக்கு வருகிறேன். நம் வி.ஏ.ஓ. ஆபீஸ் காகிதக் கட்டுக்கு மேலும் கீழும் அட்டை, சுற்றி நாடா. அமெரிக்கக் குமாஸ்தாவின் போல்டர் ஒரே அட்டையை இரண்டாக மடித்தது. பின்மடிப்பின் விளிம்பில் ஒரு நாக்கு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இழுப்பறைக்குள் போல்டர்கள் நெருக்கி நிற்கும்போது, நாக்கில் எழுதிய பேரை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தே வேண்டியதை உருவிவிடலாம். நீ பார்த்த மேடு அந்த நாக்குதான்.

நிறத்தின் கதை இதைவிட ருசியானது. அந்த அட்டைக்கு அங்கே மணிலா என்று பேர். பிலிப்பைன்ஸில் அபாக்கா என்றொரு வாழை இனம் உண்டு. அதன் நாரில் திரித்த கப்பல் கயிறு, மணிலாத் துறைமுகத்தின் பேரால் மணிலாக் கயிறு ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆலைகள் பழங்கயிற்றைக் கூழாக்கிக் கெட்டிக் காகிதம் செய்தன. வெளுக்காத நாரின் பழுப்பு மஞ்சள் அப்படியே தங்கிவிட்டது. இன்று அட்டை மரக்கூழில் செய்வது. பேரும் நிறமும் மாறவில்லை. ஸ்டார் திரை கறுப்பு வெள்ளைதான். பின்னால் திரைக்கு வண்ணம் வந்ததும் போல்டருக்கு மணிலா நிறம் ஏறியது.

இப்போது நம் கொல்லைக்கு வா. வேர்க்கடலையை நாம் ஏன் மல்லாட்டை என்கிறோம்? மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. தென்னமெரிக்கப் பயிர் அது; மணிலா வழியாக வந்த அடையாளம் பேரில் ஒட்டிக்கொண்டது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்று ரகம் ரகமாக வெளியிடுகிறதே, அதே மல்லாட்டை! உன் திரையில் இருக்கும் மஞ்சளுக்கும் உன் வீட்டுக் களத்தில் காய்வதற்கும் பேர் கொடுத்தது ஒரே துறைமுகம். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராதது பெரிய குறை.

'ஐகான்' என்றால் சின்னப் படம் என்று இனி ஒப்பிக்காதே. கணினிக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் டேவிட் கேன்ஃபீல்டு ஸ்மித், 1975-இல், தம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில். பிறகு ஸ்டார் குழுவிலும் இருந்தார். ரஷ்யத் தேவாலயங்களின் புனிதர் திருவுருவங்களை மனத்தில் வைத்துத்தான் அந்தப் பேரை எடுத்தார். அங்கே படமே வணக்கத்துக்கு உரியது. புனிதரின் தன்மை அதற்குள் இருப்பதாக நம்பிக்கை. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் 28 ஆகமங்களுக்கும் 28 லிங்கங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றை ஆகமப் பேர்ப் பலகை என்று யாராவது கும்பிடுகிறார்களா? ஆகமமே அங்கே லிங்கமாக இருக்கிறது. ஸ்மித் கேட்டதும் இதுதான்: போகிற தபால் தட்டின் படத்தில் கடிதத்தைப் போட்டால் கடிதம் நிஜமாகவே போய்ச் சேர வேண்டும்.

குப்பைத்தொட்டிப் படமும் பில் கேட்ஸ் வைத்ததல்ல; 1983-இல் ஆப்பிளின் லிசா கணினியிலேயே உண்டு. தன் திரையின் தோற்றத்தை விண்டோஸ் காப்பியடித்தது என்று 1988-இல் ஆப்பிள் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது. விண்டோஸ் 95-இல் அதே தொட்டி 'ரீசைக்கிள் பின்' என்ற பேரில் வந்தது. போட்டதைத் திரும்ப எடுக்கலாம் என்பதால் அந்தப் பேரும் பொருத்தமே.

சேமிக்கும் பொத்தானில் இருக்கும் சதுரம் என்ன என்று நீ இன்னும் கேட்கவில்லை. அதன் அசல், மூன்றரை அங்குல பிளாப்பி டிஸ்க் ஒன்று, என் அலமாரியில் கிடக்கிறது, 1.44 மெகாபைட்தான் கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வா, அதன் தகரக் கதவை நீயே தள்ளிப் பார்.

அன்புடன்,
உன் ஐயா