அன்னாசியை அறிந்து நறுக்குவோம்

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில் பெக்கான் நானாஸ் என்னும் பட்டணம் உள்ளது. மலாய்மொழியில் ‘நானாஸ்’ என்றால் அன்னாசி. தென்னமெரிக்காவில் வழங்கிய பெயரைப் போர்த்துக்கீசியர் கடல் கடந்து கொண்டு வந்தனர். அதுவே மலாயில் நானாஸ் என்றும் தமிழில் அன்னாசி என்றும் ஆயிற்று. பொந்தியான் வட்டாரத்தில் அமிலத்தன்மை மிகுந்த கரிமண் நிலங்கள் பரந்து கிடக்கின்றன. பல பயிர்கள் தேறாத அம்மண்ணில் அன்னாசி செழித்து வளர்கிறது. கன்று நட்டுப் பழம் பறிக்க ஓராண்டுக்கு மேலாகும். அதுவும் செடிக்கு ஒரே பழம். அத்தகைய பழம் வீட்டுக்கு வந்த மூன்றே நாளில் குப்பைக்குப் போவதுண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒரு தவறான நம்பிக்கைதான்.

வாழை, மாம்பழம், பப்பாளி ஆகியவை பறித்த பின்னும் பழுக்கும். அன்னாசி அப்படியன்று. அதன் சதையில் சர்க்கரையாக மாறக்கூடிய மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. செடியிலிருந்து வெட்டிய கணத்தில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். “நாலு நாள் போகட்டும், இனிக்கும்” என்று வைத்திருந்தால் தோல் மஞ்சளாகும், சதை குழையும், இனிப்பு கூடாது. ஆகவே வாங்கும்போதே அடிப்பாகத்தை முகர்ந்து பார்க்க வேண்டும். இனிய மணமும், கையில் கனமும், பசுமையான கொண்டையும் நல்ல அறிகுறிகள். புளித்த வாடை வீசினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

நறுக்குமுன் பழத்தைக் கழுவ வேண்டும். இல்லையெனில் தோலிலுள்ள கிருமிகள் கத்தியோடு சதைக்குள் செல்லும். கொண்டையையும் அடியையும் வெட்டி, பழத்தை நிமிர்த்தி வைத்து, தோலை மேலிருந்து கீழாகச் சீவலாம். அப்போதும் ‘கண்கள்’ எஞ்சி நிற்கும். ஒவ்வொரு கண்ணும் ஒரு காலத்தில் ஒரு பூவாக இருந்தது. அவை சாய்வான வரிசைகளில் அமைந்திருப்பதால், அவ்வரிசையை ஒட்டிச் சாய்வாகப் பள்ளம் வெட்டினால் பல கண்கள் ஒருங்கே நீங்கும், சதையும் வீணாகாது. சந்தையில் பழம் நறுக்குவோர் செய்வது இதைத்தான்.

அன்னாசி நாக்கை அரிப்பதற்குப் புரதத்தைச் சிதைக்கும் புரோமலைன் என்னும் நொதி ஒரு காரணம். சூடு பட்டால் அது செயலிழக்கும். எனவேதான் அன்னாசிப் பச்சடி நாக்கை அரிப்பதில்லை. புதிய அன்னாசியைச் சேர்த்தால் புரதமாகிய ஜெலட்டின் உறையாது. கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகார் அகார் உறையும்.

முழுப் பழம் அறை வெப்பத்தில் ஓரிரு நாள் தாங்கும். நறுக்கிய துண்டுகளை 2 மணி நேரத்துக்குமேல் வெளியே வைத்தலாகாது. மூடிய கலனில் இட்டு, 4 பாகை செல்சியசுக்கு மிகாத குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் 3 முதல் 4 நாள் வரை உண்ணலாம். கலனைப் பச்சை இறைச்சிக்குக் கீழ்த்தட்டில் வைக்கக்கூடாது. கோழி வெட்டிய பலகையைக் கழுவாமல் அதிலேயே பழம் நறுக்குவது இன்னும் ஆபத்தானது. துண்டுகளில் நுரையோ சாராய வாடையோ தென்பட்டால் அவற்றைச் சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம். எஞ்சிய துண்டுகளைத் தட்டில் பரப்பி உறைய வைத்துப் பையில் இட்டால், சில மாதங்களுக்குப் பழச்சாற்றுக்கும் பச்சடிக்கும் உதவும்.

கொண்டையையும் எறிய வேண்டியதில்லை. அடியிலைகளை நீக்கி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தித் தொட்டியில் நட்டால் வேர் பிடிக்கும். அதிலிருந்து பழம் கிடைக்க ஏறத்தாழ இரண்டாண்டுகள் காத்திருக்க வேண்டும்.