அகதிச் சிறுவரின் படிப்பும் அண்டை அயலும்

எங்கள் ராஜகுளத்தில் கணக்குப் புரியாவிட்டால் இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்காவிடம் ஓடுவோம். கல்லூரியில் படிக்கும் அவர் கடிந்துகொண்டே சொல்லித் தருவார். இதனை ஒரு பேறாக நாங்கள் எண்ணியதே இல்லை. சமூக அறிவியல் பாடத்திற்காக அகதிச் சிறுவரின் கல்வியைப் பற்றிப் படித்தபோதுதான் எண்ணலானோம்.

1983 ஜூலையில் இலங்கையில் நடந்த இனக்கலவரத்திற்குப் பின், தமிழர் பலர் படகேறி இராமேசுவரக் கரைக்கு வந்தனர். மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டவர்கள் பல மாவட்டங்களிலுள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். எந்த ஊர், எந்த அண்டை வீட்டார் என்பது அவர்கள் கையில் இல்லை. இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்திற்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். பல முகாம்களில் ஒரு குடும்பத்திற்குக் கிடைத்தது பத்தடிக்குப் பத்தடி அறை. சமைப்பதும் உறங்குவதும் அதற்குள்ளேயே. பத்தாம் வகுப்புப் பிள்ளை இரவில் எங்கே உட்கார்ந்து படிக்கும்? அடுத்த வீட்டு இருமல்கூட இங்கே கேட்குமே!

ஆயினும் மதிப்பெண் குறைவதற்குக் காரணம் சுற்றுப்புறமா, பெற்றோரின் நிலைமையா என்று பிரித்தறிவது எளிதன்று. கல்வியில் நாட்டமுள்ள பெற்றோர் நல்ல இடமாகத் தேடிக் குடியேறுவர் அல்லவா? ஸ்வீடன் நாட்டில் இதற்கு ஒரு வழி பிறந்தது. 1985 முதல் 1994 வரை அந்நாட்டு அரசே அகதிகளுக்கு ஊரை ஒதுக்கியது. ஏறக்குறையச் சீட்டுக் குலுக்கியதுபோல! 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவ்வாறு குடியமர்த்தப்பட்டோரின் பிள்ளைகள் பள்ளியிறுதியில் பெற்ற மதிப்பெண்களை ஆராய்ந்தது. தம் இனத்தவருள் நன்கு படித்த பெரியவர்கள் அதிகமாக வாழ்ந்த பகுதியில் வளர்ந்த பிள்ளைகள் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றிருந்தனர். வேறுபாடு சிறியதுதான். ஆனால் நலிந்த பிரிவினரிடம் அதன் பயன் மேற்படிப்பு வரை தொடர்ந்தது.

இதைப் படித்ததும் எங்களுக்கு அந்த அக்காவின் நினைவு வந்தது.

நம் முகாம்களிலும் இத்தகைய அக்காமாரும் அண்ணன்மாரும் உண்டு. 1984-இல் திரு. சந்திரகாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்தியது. அகதிகளுள் படித்தவர்களே இளையவர்களுக்குக் கற்பித்தனர். பகலில் அரசுப் பள்ளி, மாலையில் முகாமுக்குள் வகுப்பு என்று படித்துப் பலர் பட்டதாரிகளாயினர்.

எங்களை வருத்தியது அதற்குப் பிந்திய செய்தியே. குடியுரிமை இல்லாததால் அவர்களுக்கு அரசு வேலை கிடையாது. பட்டம் பெற்ற பலர் நாட்கூலிக்குச் சுவருக்கு வண்ணம் பூசப் போகின்றனர். அத்தொழிலில் இழிவு ஏதும் இல்லை. எங்களுள் சிலரின் தந்தையரும் கூலி வேலை செய்பவர்களே. எனினும் படித்து முடித்த அண்ணனும் பள்ளியை இடையில் விட்ட அண்ணனும் ஒரே வாளியைத் தூக்கிச் செல்வதை ஒரு சிறுவன் நாள்தோறும் கண்டால், வீட்டுப்பாடத்தில் அவனுக்கு மனம் எப்படிச் செல்லும்?

2021-இல் அகதி முகாம் என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. புதிய வீடுகளும் கட்டித் தரப்படுகின்றன. இனி இருமல் சத்தம் குறையலாம். ஆனால் அந்த அண்ணன் விடியற்காலையில் எதைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார் என்பதைப் புது வீட்டு வாசலிலிருந்தும் சிறுவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.