மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: நர்சிங் முடித்து வார்டில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சீனியர் சிஸ்டர் நோயாளியைப் பார்த்ததுமே, “இவருக்கு ஏதோ சரியில்லை” என்கிறார். எனக்கு ஏன் அது தெரிவதில்லை?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அது ஞானதிருஷ்டி இல்லை, பழகிய கண். புதியவர் நிபுணராவதை ஐந்து படிகளாகப் பிரித்து 1984-இல் புத்தகமே எழுதினார் அமெரிக்க நர்ஸ் பாட்ரிஷியா பென்னர். நீங்கள் நிற்பது இரண்டாவது படி. வெட்கப்பட எதுவுமில்லை.

அந்தக் கண் பழக, இன்றைய டியூட்டியில் ஒன்று செய்யுங்கள். பல வார்டுகளில் சார்ட்டைப் புரட்டினால் எல்லாருக்கும் மூச்சு ‘20’ என்றே இருக்கும். (எண்ணாமல் எழுதியது என்று படிப்பவருக்கும் தெரியும்!) நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு.

ஒரு நோயாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள். காலையில் 16 இருந்த மூச்சு மாலையில் 26, நாடி 110. பிபி மட்டும் 120/80. அந்த பிபியைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். உடம்பு சமாளிக்கும்வரை சமாளிக்கும். பிபி பெரும்பாலும் தாமதமாகத்தான் விழும்.

டாக்டரிடம், “பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார் சார்” என்றால் திட்டுதான் கிடைக்கும். “மூச்சு 16-லிருந்து 26, நாடி 110, வந்து பாருங்க” என்று சொல்லுங்கள். இரவு இரண்டு மணியானாலும் தயங்காமல் கூப்பிடுங்கள்.