கோயம்பேடு மூடினப்போ ஒரு தக்காளிக் கணக்கு

கொரோனா பரவலால 2020 மே 5 அன்று கோயம்பேடு மார்க்கெட்டை மூடினாங்க. அங்கே லோடு அனுப்பிட்டிருந்த ஒரு தக்காளி விவசாயி நீங்கதான்னு வெச்சுக்கோங்க.

உதாரணத்துக்கு, பெட்டிக்கு 15 கிலோ. உள்ளூர்ல கிலோ 4 ரூபாய்க்குத்தான் கேட்கிறாங்க, அதாவது 60 ரூபாய். பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் 70. பறிச்சா பெட்டிக்கு 10 ரூபாய் கூடுதல் நஷ்டம், செடியிலேயே விடணும். விதை, உரத்துக்குப் போட்ட பணம் இந்தக் கணக்குல வராது, அது போயாச்சு. (விழுந்த ஷேரைப் பிடிச்சுட்டு இருக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க!)

சிலர் வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து, காயைப் பையில கட்டித் தெருவுக்கே கொண்டுவந்தாங்க. மண்டி கமிஷன் மிச்சம், ஆனா அலைச்சல் முழுக்க அவங்க தலையில.

நமக்கும் ஒரே மார்க்கெட்தான், சம்பளம். அது 3 மாசம் நின்னா வாடகைக்கும் இஎம்ஐக்கும் எவ்வளவு வேணும்? இன்னிக்கே எழுதிப் பாருங்க.