மிதக்கும் தரைக்கு எந்தப் பொருள்?

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். அங்கே திருவிழாவில் உறுமி முழங்கினால் யாரும் குறை சொன்னதில்லை. சிரம்பானில் தாமான் வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் குழு தவிலைத் தரையில் வைத்து ஒலிப்பதிவு செய்தபோது, பக்கத்து வீட்டார் காவல் நிலையம் போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

பஞ்சுமெத்தைத் துண்டுகளைப் பரப்பி மேலே பலகை அடித்தோம். பலனில்லை. பாரத்தில் பஞ்சு முழுக்க நசுங்கிவிட்டது. அடித்த ஆணிகளோ அதிர்வை நேரே தரைக்குக் கடத்தின.

மிதக்கும் தரை என்பது சுருள்வில் மேல் வைத்த எடை. பொருள் எத்தனை மில்லிமீட்டர் அமிழ்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 16ஐ வகுத்தால் இயல் அதிர்வெண் கிட்டும். 1 மி.மீ. என்றால் 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. என்றால் 8. ரப்பரில் சற்றுக் கூடும். இதைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே தரை தடுக்கும். மூன்று மடங்கு இருந்தால் நல்லது. தக்கை விறைப்பானது, போதிய அளவு அமிழாது. ராக்வூல் இடைவெளியை நிரப்ப ஏற்றது, ஈரம் ஆகாது.

நாங்கள் இயற்கை ரப்பர்த் திண்டுகளைத் தேர்ந்தோம். லண்டனில் 1966இல் கட்டிய ஆல்பனி கோர்ட் அடுக்ககமும் சுரங்க ரயில் அதிர்வைத் தவிர்க்க ரப்பர்மேல்தான் நிற்கிறது. (பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு இதில் தனிப் பெருமை!) திண்டுகளை நெருக்கி அடுக்காதீர்கள், அமிழ்வு குறைந்துவிடும். சுவரோரம் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

சுவர்வழிச் சத்தத்துக்கு இந்தத் தரை மருந்தாகாது. ஆகவே இரவு ஒன்பதுக்குமேல் வாசிப்பதில்லை என்று பக்கத்து வீட்டாரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.