கியர் கத்தினால் முதலில் கிளட்ச்சைப் பார்

திருவண்ணாமலை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் ஆம்னி வேனில் இரண்டாவது கியர் கரகரவென்று கத்துகிறது; ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் “பெட்டி போச்சு, வேற பெட்டிதான் மாத்தணும்” என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஓட்டியும் பார்க்காமல், ஆயிலையும் இறக்காமல், வெளியே நின்று கேட்ட சத்தத்தை வைத்தே ஒரு கியர் பெட்டிக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் படித்த நீயும் அதை அப்படியே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாய்.

கியர் கத்தினால் முதலில் பார்க்கவேண்டியது கிளட்ச். பெட்டி பிறகுதான்.

என் வேனுக்கும் ஒருமுறை இப்படி ஆயிற்று. பெட்டியை இறக்கி, சிங்க்ரோ ரிங், பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். பணம் போனது, சத்தம் போகவில்லை. மறுநாள் நானே வண்டிக்கு அடியில் படுத்துக் கிளட்ச் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். உறைக்குள் நாலைந்து கம்பி இழை அறுந்து, முள் போல் விரிந்து நின்றது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிளேட் ஃப்ளைவீலை முழுசாக விடாது. புதுக் கேபிள் போட்டேன், கியர் வெண்ணெயாய் விழுந்தது.

ஏன் என்று உனக்குப் புரியவேண்டும். நம் ஊர் தேரோட்டத்தை நினைத்துக்கொள். தீபத் திருவிழா ஏழாம் நாள், மாட வீதி முனையில் தேர் திரும்பும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்களைக் கவனித்திருக்கிறாயா? கட்டை உரசி உரசித்தான் சக்கரத்தின் வேகம் தணிகிறது. பெட்டிக்குள் அந்த வேலையைச் செய்வது பித்தளை சிங்க்ரோ ரிங். பல்லும் பல்லும் சேருவதற்கு முன், கியரின் கூம்பில் அது உரசி இரண்டு வேகத்தையும் ஒன்றாக்குகிறது. ஒன்றான பிறகுதான் ஸ்லீவ் சத்தமில்லாமல் நகர்ந்து பூட்டும். இப்போது யோசி. வடத்தை இழுப்பவர்கள் கையை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் முட்டுக்கட்டை என்ன செய்யும்? தேயும். கிளட்ச் முழுசாக விடாத வண்டியில் அந்தச் சின்ன ரிங், இன்ஜினையே எதிர்த்து மல்லுக்கு நிற்கிறது. ரிங் தேய்ந்தது உண்மையாகவே இருக்கலாம். அதைத் தின்றது கிளட்ச். கிளட்ச்சைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டி ஏற்றினால் அதன் ரிங்கும் அதே வழியில் போகும்.

இந்த சிங்க்ரோவின் கதையை ஒரு பழைய மோட்டார் புத்தகத்தில் படித்தேன். அமெரிக்காவில் கெடிலாக் கார் 1928-இல் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ஓட்டுநர்தான் சிங்க்ரோ. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, கியர் குறைப்பதானால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, மறுபடி மிதித்துக் கியர் போடவேண்டும். என் தலைமுறையில் லாரி ஓட்டக் கற்றவர்களுக்கு இந்த டபுள் கிளட்ச் காலிலேயே இருந்தது. நீயும் பழகிக்கொள். ரிங் பலவீனமான வண்டியை அது வருஷக்கணக்கில் ஓட்டவைக்கும்.

சரி, சோதனைக்கு வருகிறேன். சமதரையில் நிறுத்து, ஹேண்ட் பிரேக் போடு. இன்ஜின் சூடேறி ஐடிலில் ஓடட்டும். கிளட்ச்சை அடிவரை மிதித்து, நாலு எண்ணி, ரிவர்ஸ் போடு. ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. கரகரத்தால் கிளட்ச் விடவில்லை. சத்தமில்லாமல் விழுந்து, ஓடும்போது இரண்டாவது மட்டும் கத்தினால் அந்த ஒரு ரிங்கைச் சந்தேகப்படு. இதற்கு ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். பிறகு பெடலின் ஃப்ரீ பிளேயைப் பார். கேபிள் நீண்டால் அது கூடும், பிளேட் தேய்ந்தால் குறையும். கையேட்டில் உள்ள அளவுக்கு நட்டைத் திருகி வை.

பௌர்ணமி கிரிவலத்துக்கு ஆள் ஏற்றுகிறாய் அல்லவா? செங்கம் சாலையில் அடியடியாக ஊர்ந்து வரும் வேன்களைப் பார்க்கிறேன். ஓட்டுநரின் இடது கால் கிளட்ச் மேலேயே குடியிருக்கிறது. பாதிக் கிளட்ச்சில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் பிளேட் கருகும், ரிலீஸ் பேரிங் அலறும். 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வெறுங்காலில் நடப்பவர்களுக்கு இருக்கும் பொறுமை ஓட்டுநருக்கும் வேண்டாமா? நின்றால் நியூட்ரலுக்கு வா, காலை எடுத்துக் கீழே வை. ஜமுனாமரத்தூரிலிருந்து மலை இறங்கும்போது மட்டும் நியூட்ரல் கூடவே கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. பிரேக் சூடேறி விட்டுப்போனால் உன்னை நிறுத்த எதுவும் இருக்காது.

கடைசியாக ஆயில். பெட்டிக்கும் பின்னாலுள்ள கிரவுன் பினியனுக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம், தவறான வழக்கம். ஜி.எல்.5 ஆயில் கிரவுன் பினியனின் கடும் அழுத்தத்துக்காகச் செய்தது. அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்க்கைகள் அதிகம். வழுக்கல் கூடினால் ரிங் உரசிப் பிடிக்காது, சூட்டில் பித்தளையையும் அது அரிக்கலாம். பித்தளை ரிங் உள்ள பழைய பெட்டிக்கு ஜி.எல்.4தான் என் தேர்வு. டிரெயின் நட்டைத் தொடுவதற்கு முன் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள். பழைய ஆயிலை இறக்கிவிட்டு, புது ஆயில் ஊற்ற வழியில்லாமல் முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இறக்கிய ஆயிலை வெள்ளைத் துணியில் தடவி வெயிலில் காட்டு. பொன்தூள் போல் லேசாக மின்னினால் ரிங்கின் தேய்மானம், பயமில்லை. இரும்புத் துண்டு வந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.

ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. உன் அப்பாவின் வண்டி அதற்கும் பல வருஷம் மூத்தது. வேறு வண்டியிலிருந்து கழற்றி உனக்குக் கொடுக்கும் பெட்டிக்கும் அதே வயதுதான் இருக்கும். முன்பணம் கொடுக்காதே. நாளைக் காலை ரிவர்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்